துல்கர்னைன் உட்காராத பந்திகள்

என்னை எதிர்த்து நின்று டெபாசிட்டை இழந்தவனைப் பற்றி நானே எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். என் வீட்டுக்காரி சொக்கம்மாள் அப்படித்தான் சொன்னாள். "ஜெயிச்சவன் தோத்தவனப் பத்தி எழுதுனா ஊரு என்ன நெனைக்கும்? கவுன்சிலர் ஆனதும் திமிரு வந்துட்டுன்னு பேசும்" என்றாள். பேசட்டும். துல்கர்னைனைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் கடையநல்லூரில் வேறு ஆள் கிடையாது. அவன் கட்சிக்காரர்களுக்கு அவனைத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

என் பெயர் பேச்சிமுத்து. வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா ஆரம்பித்த கடை. அண்டா, தேக்சா, சேர், பந்தல் சாமான் எல்லாம் உண்டு. எங்கள் தெருவைச் சுற்றி இருப்பதெல்லாம் முஸ்லிம் வீடுகள். அங்கே நடக்கிற கல்யாணத்துக்கு எங்கள் கடையிலிருந்துதான் சாமான் போகும், சாமானோடு நானும் போவேன். அப்படிப் போன இடங்களில் எல்லாம் ஒரு காலத்தில் எனக்கு முன்னால் துல்கர்னைன் வந்து நின்றிருப்பான்.

நாங்கள் ஒரே வகுப்பில் படித்து ஒரே கணக்குப் பாடத்தில் ஃபெயில் ஆனவர்கள். அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீட்டுப் பையனும் இந்து வீட்டுப் பையனும் சிநேகமானால் இந்த முறை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவன் தகப்பனார் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு நெய்தவர். மகனுக்குத் தறியில் உட்காரப் பொறுமை கிடையாது. அவனுக்குப் பிடித்தது பந்தி விசாரிப்பது.

அந்த அழகை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையின் கோடியில் நிற்பான். சாப்பிடுகிறவனின் தட்டைப் பார்க்கமாட்டான், முகத்தைப் பார்ப்பான். பக்கத்துத் தட்டை ஓரக்கண்ணால் பார்க்கிறவனுக்குக் கறி பற்றவில்லை என்று அர்த்தம். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகப் பிசைகிறவன் மறுசோறு கேட்க வெட்கப்படுகிறான். "மாமா, அங்கன தூணுக்குப் பக்கத்துல நெய்ச்சோறு! ஜன்னல் ஓரத்துல தால்ச்சா!" என்று அவன் போடுகிற சத்தத்தில் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஏழை வீட்டுக் கல்யாணத்தில் கறி குறைவாக இருந்தால் அதை வெளியே தெரியாமல் கடைசிப் பந்தி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வித்தை அவனுக்குத்தான் தெரியும். பெண்ணைப் பெற்றவர்கள் பத்திரிகை அடிக்கும் முன்னாலேயே அவனிடம் வந்து தேதி சொல்லிவிட்டுப் போவார்கள்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு விளம்பினவர்கள் நாங்கள் உட்காருவோம். தேக்சாவின் அடியில் நெய்யோடு ஒட்டிப் பிடித்த சோற்றைச் சுரண்டிப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கதை பேசிக்கொண்டு சாப்பிடுவோம். சாரல் நாளாக இருந்தால் பாத்திரத்தை வண்டியில் ஏற்றி நேரே குற்றாலம். அருவியிலிருந்து ஓடி வருகிற தண்ணீரில் தேக்சாவைக் கழுவியிருக்கிறோம். இன்றைக்கு எவனாவது அப்படிச் செய்தால் நானே முதல் ஆளாகச் சத்தம் போடுவேன். அன்றைக்கு யார் கேட்டது? துல்கர்னைன் பெரிய தேக்சா ஒன்றுக்குள் உட்கார்ந்துகொண்டு தன்னைப் பரிசல் மாதிரித் தள்ளிவிடச் சொல்லுவான். என் அப்பா கரையில் நின்று இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி வைவார். அந்த நாட்களுக்குத் திரும்பிப் போக வழி இருந்தால் இந்தக் கவுன்சிலர் பதவியை இப்பவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன்.

பிறகு அவன் ரியாத்துக்குப் போனான். ஒரு துணிக்கடையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் நம் ஊர்க்காரர்கள் ஓர் அறையில் கூடி மார்க்கம் பேசுவார்களாம். பெண் வீட்டில் கைநீட்டி வரதட்சணை வாங்குவது பாவம், வாங்குகிறவன் வீட்டில் சாப்பிடுவதும் அந்தப் பாவத்துக்குத் துணைபோவது என்று அங்கே சொன்னார்கள். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் ஆட்களுக்கும் இப்படி ஒருத்தன் எழுந்து நின்று சொல்லமாட்டானா என்று நான் ஏங்கியிருக்கிறேன். துல்கர்னைன் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, வரதட்சணை வாங்கிய கல்யாணத்திலும் கொடுத்த கல்யாணத்திலும் ஒரு வாய்கூடச் சாப்பிடமாட்டேன் என்று உறுதி சொல்லிவிட்டான். அவன் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

அந்த உறுதி முதலில் போய் விழுந்தது அவன் தங்கச்சி மெஹர் பானுவின் கல்யாணத்தில்.

மெஹர் பானு அவனைவிட ரொம்ப இளையவள். அவன் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார வைத்துவிட்டு வகுப்புக்கு வருவான். அவள் கல்யாணத்துக்கென்று லீவு போட்டு, பெட்டி நிறையச் சாமானோடு ஊருக்கு வந்தான். வந்த பிறகுதான் தெரிந்தது, நகையும் ரொக்கமும் பேசி முடித்திருக்கிறார்கள் என்று. அதுவும் அவன் ரியாத்திலிருந்து அனுப்பிய பணத்தில்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் சண்டை போடவில்லை. பந்தலில் பாய் விரித்தான், தண்ணீர் சுமந்தான், வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றான். வாயில் மட்டும் எதையும் வைக்கவில்லை. மாப்பிள்ளை சாப்பிட உட்காரும்போது பெண்ணின் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இடம் காலி. நான் கறி வாளியோடு நின்றுகொண்டிருக்கிறேன். அவன் தகப்பனார் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வாய் தின்னுட்டு எந்திச்சிருலே. ஊரு பாக்குதுலே."

"வாப்பா, அல்லாவும் பாக்குதான்" என்றான்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பொண்ணுக்கு அண்ணன் தம்பி யாரும் கெடையாதோ?" என்று கேட்டார். யாரோ ஓர் ஒன்றுவிட்ட உறவை இழுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மெஹர் பானு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

போன வீட்டில் அவளுக்கு இதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. சட்டி உடைந்தாலும் சோறு குழைந்தாலும், "அண்ணன்காரனே திங்காத கல்யாணம்லா" என்று ஆரம்பித்துவிடுவார்களாம். அவள் வாழ்க்கைப்பட்டதும் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான். பெருநாளைக்கு அண்ணன் வீட்டுக்கு வருவாள். உட்காருவாள், பிள்ளைகளைக் கொஞ்சுவாள், போய்விடுவாள். அங்கே ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கமாட்டாள். அவர்கள் தகப்பனார் மௌத்தான அன்றைக்குக்கூட அழுது தொண்டை வறண்டவள் தன் வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர் குடித்தாள். வருஷங்கள் ஓடி, அவள் மகன் சலீம் வளர்ந்து துபாய்க்கும் போய்விட்டான். அவள் மாறவில்லை.

துல்கர்னைன் ரியாத்தை முடித்துக்கொண்டு வந்து பஜாரில் கைலிக் கடை போட்டான். அதன் பிறகு அவனுக்கும் ஊருக்கும் நடந்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஊர் கூப்பிட்டது, இவன் போகவில்லை. பத்திரிகை கொண்டுபோனால், "கொடுக்கல் வாங்கல் உண்டா?" என்று கேட்பான். முதலில் பொய் சொல்லிப் பார்த்தார்கள். கண்டுபிடித்துவிடுவான். கடைசியில் பத்திரிகையைப் பக்கத்து மருந்துக் கடையில் கொடுத்து, "பாயி வந்தா குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு நழுவ ஆரம்பித்தார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நிற்கும்போது கோடியிலிருந்து அந்தச் சத்தம் வராது. சோறு அதே சோறுதான். ஆனால் ருசியில் ஏதோ குறையும். பெண்ணைப் பெற்றவர்கள் என்னைத்தான் கேட்பார்கள், "துல்கர்னைன் வரலியா?" என்று. நான் வாளிக்குள் பார்த்துக்கொள்வேன்.

கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். யார் வீட்டில் மௌத் என்றாலும் குளிப்பாட்ட முதல் ஆளாக நிற்பான். தென்காசி ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்று போன் வந்தால் சட்டையைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறுவான். எங்கள் அம்மாவுக்கு அவன் ரத்தம்தான் ஏறியது. "ரத்தம் குடுக்கான், நம்ம வீட்டுச் சோறு மட்டும் அவனுக்கு ஆகமாட்டேங்குது" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அதைக் கேலியாகச் சொன்னார்களா, வருத்தத்தில் சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இந்த நிலைமையில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது.

மார்க்கம் பேசுகிற அவன் கட்சி அவனை எங்கள் வார்டில் நிறுத்தியது. தென்காசியிலிருந்து மாவட்டப் பொறுப்பாளர் காரில் வந்து இறங்கினார். வார்டில் முக்கால்வாசி நம்ம ஆட்கள், வேட்பாளர் ஒழுக்கமானவர், ஒருத்தரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்தவர் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம் என்றார். டீ வாங்கிக் குடிக்காததைப் பெருமையாகச் சொன்ன அந்த இடத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. அவனுக்காகத்தான்.

நான் எப்படி நின்றேன் என்றால், வாறுகாலால்தான் நின்றேன். எங்கள் தெருச் சாக்கடை நிறைந்து வழிந்தால் பந்தக்கால் நட முடியாது. அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் துப்புரவுக்காரர்களை நான் கூட்டிக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்று வாறுகாலைச் சுத்தம் பண்ண வைப்பேன். தெருப் பெண்கள் ஒரு நாள் கூட்டமாகக் கடைக்கு வந்து, "கல்யாணத்துக்குக் கல்யாணம் கழுவுத வாறுகால மத்த நாள்லயும் கழுவ வச்சா என்னண்ணே? நீங்க நில்லுங்க, நாங்க போடுதோம்" என்றார்கள். சுயேச்சையாக மனுப் போட்டேன். பூட்டு சாவி சின்னம் கொடுத்தார்கள். "சட்டி பானை வச்சிருக்கவனுக்குப் பூட்டக் குடுத்திருக்கான் பாரு" என்று சொக்கம்மாள் ஒரு வாரம் சிரித்தாள்.

மனுப் போடும் முன்னால் துல்கர்னைன் கடைக்குப் போய்ச் சொன்னேன். "மாப்ளே, என்னய நிக்கச் சொல்லுதாவ. நீ வேண்டாம்னா நிக்கல."

"நில்லு மாமா. வேண்டாங்க நான் யாரு?" என்று சிரித்தான். பிறகு கைலிகளை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ஜெயிக்கணும்னு எனக்கு ஆசை இல்ல மாமா. மெஹர் பானு ஓட்டு ஒண்ணு எனக்கு விழுந்தாப் போதும்."

"அவ எப்படி மாப்ளே..."

"யாருக்கும் தெரியாமத்தான அமுக்கப் போறா? சோறு திங்க வேண்டாம், தண்ணி குடிக்க வேண்டாம். ஒரு பொத்தான அமுக்கிட்டுப் போயிரலாம்லா. அவளுக்கு என் மேல கோவம் போயிட்டுன்னு எனக்கு அது ஒண்ணு போதும்."

கட்சி அவனைக் கவுன்சிலர் ஆக்க நின்றது. இவன் தங்கச்சிக்காக நின்றான். இதை அந்தப் பொறுப்பாளரிடம் சொன்னால் மயங்கி விழுந்திருப்பார்.

ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனான். அத்தனையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டும் அவன் போகாத வீடுகள். நான் எதிர்ப்பக்கம் வந்துகொண்டிருந்தபோது கிதிர் முகம்மது வீட்டு வாசலில் அவன் மாட்டிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். கிதிர் முகம்மது மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்த பெரிய மனுஷர். நோட்டீஸை வாங்கிக்கொள்ளாமல் வாசல்படியில் வந்து நின்றார்.

"வா துல்கர்னைன். எங்க வீடு இதான். மூணு பொண்ணுவளுக்கும் பத்திரிக வச்சேன். நீ வரல. வழி தெரியாமத்தான் வராம இருந்தியோன்னு நெனைச்சேன்."

"மாமா, வரதட்சணை குடுத்திய. அதனாலதான்..."

"குடுத்தேம்லே. இல்லங்கல. குடுக்கலன்னா மூணும் இங்கனதான் இருந்திருக்கும். குடுக்காதன்னு சொன்னியே, ஒரு மாப்பிள்ள பாத்துத் தந்தியா? பந்தியில வந்து நிக்கவாவது செஞ்சியா?"

அவன் கூட வந்த கட்சிப் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அவர் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் குடித்தான். ஓட்டுப் போடுகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்ததில் என் நோட்டீஸ் எல்லாம் கையிலேயே கசங்கிவிட்டது.

கடைசி வாரம் அவர்கள் தெருமுனையில் கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்து, உலகத்தில் எங்கெங்கோ நடக்கிற அநியாயங்களை எல்லாம் சொல்லிக் கண் கலங்கினார். நல்ல பேச்சு. ஜன்னல்களில் நின்ற பெண்கள் வாறுகாலைப் பற்றி ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தார்கள். வரவில்லை. முடிவில் துல்கர்னைன் மைக்கை வாங்கினான். ஓட்டுக் கேட்பான் என்று பார்த்தால், "நீங்க எனக்கு ஓட்டுப் போடாட்டியும் பரவாயில்ல. இனிமே உங்க வீட்டுல நடக்குத கல்யாணத்துல ஒரு பொட்டு நகைகூடக் கேட்டு வாங்காதீங்க. வாங்குனா அந்தப் பொண்ணைப் பெத்தவன் என்ன பாடு படுவான்னு எனக்குத் தெரியும். எங்க வாப்பா பட்டத நான் பாத்திருக்கேன்" என்றான். பொறுப்பாளர் பின்னால் நின்று அவன் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்.

மெஹர் பானு வீட்டுக்கும் போயிருக்கிறான். வாசலுக்கு வந்து நோட்டீஸை வாங்கிக்கொண்டாளாம். "சரி" என்றாளாம். அந்த 'சரி'யை அவன் என்னிடம் நாலு தடவை சொல்லிக் காட்டினான், வெவ்வேறு மாதிரி. நான் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஓட்டுக் கேட்கப் போகவில்லை.

தோற்றதில் அவன் மட்டும் தனி ஆள் இல்லை. பக்கத்து வார்டில் சாமி பேரைச் சொல்கிற அமைப்பின் சார்பில் சிவனணைந்தபெருமாள் நின்றார். அந்த வார்டு முழுக்க எங்கள் ஆட்கள். அவரும் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம் என்றுதான் நின்றார். ஆனால் அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் கிடா வெட்டக்கூடாது, அது சுத்தம் இல்லை என்று கூட்டம் போட்டவர். கிடா வெட்டாத கொடைக்கு எவன் வருவான்? அவரும் டெபாசிட்டை விட்டார். இவன் நெய்ச்சோற்றில் தோற்றான், அவர் கிடாக்கறியில் தோற்றார். நான் பார்த்தவரைக்கும் ஜனங்களுக்குச் சாமி மேல் கோபம் கிடையாது. சாமிக்காகப் பேசுகிறேன் என்று வந்து தங்கள் வீட்டுச் சோற்றைத் தள்ளி வைத்தவன் மேல்தான் கோபம். தொழுகைக்கு அவன் பின்னால் நிற்பார்கள், மௌத் ஆனால் அவனைக் கூப்பிடுவார்கள். வாறுகாலுக்கு வேறு ஆளைத் தேடுவார்கள்.

ஓட்டு எண்ணின அன்று எனக்கு மாலை போட்டார்கள். துல்கர்னைனுக்கு விழுந்தது இரண்டு இலக்கத்தில்தான். கட்சிக்காரர்கள் காரில் ஏறி எப்போது போனார்கள் என்று தெரியவில்லை. அவன் மட்டும் சுவர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் மாலையைக் கழற்றிச் சொக்கம்மாளிடம் கொடுத்துவிட்டு, அவனை வண்டியில் உட்கார வைத்துக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊர்வலத்துக்கு வந்தவர்கள் என்னைத் தேடியிருப்பார்கள். தேடட்டும்.

சீசன் இல்லாத மாதம். பழைய குற்றாலத்தில் பாறையை ஒட்டிக் கொஞ்சம் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. குரங்குகளைத் தவிர ஆள் இல்லை. சின்ன வயதில் கத்திக்கொண்டு குதித்த இடத்தில் இரண்டு நரைத்த தலைகள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

"அந்த ஓட்டுல ஒண்ணு அவ ஓட்டா இருக்கலாம்ல மாமா?" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் மேலா, மெஹர் பானு மேலா, ஜெயித்த என் மேலா என்று தெரியாத கோபம். "உன் கட்சிக்காரனுக்கு எண்ணவே தெரியல மாப்ளே. வார்டுல உங்க ஆளுவ எத்தன பேருன்னு எண்ணுனான். நீ எத்தன வீட்டுல கை நனைச்சேன்னு எண்ணுனானா?"

"அப்போ நான் செஞ்சது தப்பா?"

"தப்புன்னு எவம்லே சொன்னான்? நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி. அதச் சொல்லிட்டு நீ பந்தியில நின்னிருக்கலாம். திங்காம இருந்திருக்கலாம், வாளியப் பிடிச்சிருக்கலாம். ஆளையே காணாம அடிச்சிட்டியேடா."

அவன் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டான். பிறகு, "எனக்குத் திங்காம நிக்கத் தைரியம் இல்ல மாமா. அங்கன வந்து நின்னா உக்காந்துருவேன். எனக்கு என்னையத் தெரியும்" என்றான். இத்தனை வருஷத்தில் இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவன் கல்நெஞ்சால் வராமல் இருந்தான் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பாறையில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் நான் அவன் கடையில் உட்கார்ந்திருந்தேன். மெஹர் பானு படியேறி வந்தாள். அவள் அந்தக் கடைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் பத்திரிகை. சலீமுக்குக் கல்யாணம். பத்திரிகையைப் பக்கத்து மருந்துக் கடையில் கொடுக்காமல் நேரே அவன் முன்னால் வைத்தாள்.

துல்கர்னைன் அதைத் தொடவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததுமே அவன் என்ன கேட்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காதே மாப்ளே, இந்த ஒரு தடவை கேட்காதே, வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டான்.

"கொடுக்கல் வாங்கல்... உண்டா?"

உண்டு என்று சொன்னால் அவன் போகமாட்டான். போகாவிட்டால் இந்தப் பிறவியில் அவளுக்கு அண்ணன் கிடையாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"கேப்பேன்னு தெரியும்" என்றாள் மெஹர் பானு. "ஒரு குண்டுமணி தங்கம் வாங்கல. சலீமுதான் பொண்ணுக்கு மஹர் பணம் குடுத்துக் கெட்டுதான். எங்க வீட்டுல எல்லாரும் குதிச்சாவ. நான் ஒத்தக்கால்ல நின்னேன்."

"நீயா?"

"நீ மைக்கப் பிடிச்சுத் தெருவுக்கே சொன்னியே. எங்க வீட்டு ஜன்னலு என்ன செவிடா? வாப்பா பட்ட பாட்ட நீ மட்டுமா பாத்தே, நானும்தான பாத்தேன். அந்த நகைய இத்தன வருஷம் கழுத்துல போட்டுக்கிட்டு இருந்தவ நானுல்லா."

துல்கர்னைனுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. சின்னப்பிள்ளை மாதிரி, "அப்போ ஓட்டு?" என்று கேட்டான்.

"ஓட்டு பேச்சியண்ணனுக்குப் போட்டேன்" என்றாள், என்னை வைத்துக்கொண்டே. "வாறுகால நீயா நின்னு அள்ள வைப்பே?"

எனக்கு எங்காவது எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. அவன் சிரித்தான். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. மெஹர் பானு பத்திரிகையை அவன் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"நீ சொன்னது சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே. நீ சரியா இருந்தே, நான் அழுதேன். அவ்வளவுதான். உனக்கு ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்சா நீ ஊருக்கு மனுஷன் ஆயிருவே. எனக்கு வேண்டியது அது இல்ல. நீ எங்க வீட்டுல ஒரு வாய் திங்கணும். அதுக்குத்தான் எம்மவனுக்கு ஒண்ணும் வாங்கல. இனிமே வராம இருக்க உனக்கு ஒரு காரணமும் கெடையாது."

அவன் பத்திரிகையை எடுத்தான். தேதியைப் பார்த்தானா, எழுத்து ஏதாவது கண்ணுக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போய்ப் பழக்கம் விட்டுப்போனவன் கேட்கிற மாதிரி, "எத்தனாவது பந்திக்கு வரணும் மெஹர்?" என்று கேட்டான்.

"நீ வந்து உக்காரு. அப்புறம்தான் மொதப் பந்தியே" என்றாள்.